துப்பாக்கி இல்லாத ஆகாய விமானம்

உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? இருந்தால், ஆகாய விமானம் கட்டுவதற்கு வேண்டிய சாமர்த்தியத்தில் பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தவள்தான். போன கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுக் கூடத்தில், என் தையல் மேஜையின் மேலேயே ஒரு விமானம் கட்டி முடித்தோம். ஏறி உட்காருகிற விமானம் அல்ல. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 27 சென்டிமீட்டர். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களும், ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் போனதும், நிஜ விமானத்துக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

சமாசாரத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் தமையனார் விமானப் படையில் இருந்தவர். விமானி அல்ல. ஆக்ராவில், 106-வது ஸ்குவாட்ரனில், காமிராப் பிரிவில் வேலை. விமானத்தில் பிலிம் சுருளை ஏற்றுவது, இறக்குவது, இருட்டறையில் கழுவுவது, இதுதான் அவர் உத்தியோகம். "நான் வண்ணான், அம்மா! துணிக்குப் பதில் படம் வெளுக்கிறவன்" என்பார். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. கண்ணில் அழுத்த நோய் வந்து, இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவுக்குத்தான் பார்வை. என்னோடுதான் இருக்கிறார்.

என் பேரனுக்கு 14 வயது. தாத்தாவின் பிறந்த நாளுக்கு அவன் கைக்காசைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் விமானப் பொட்டலம் வாங்கி, இரண்டே நாளில் ஒட்டி முடித்து அவர் கையில் வைத்தான். "தாத்தா, உங்க கான்பெரா!"

அண்ணா அதைத் தடவிப் பார்த்தார். மூக்கிலிருந்து ஆரம்பித்து, விமானி உட்காரும் கண்ணாடிக் குமிழ் வரைக்கும் வந்து விரல் நின்றது. "ரொம்ப அழகா இருக்குடா கண்ணா" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா இது எங்க விமானம் இல்லே. இது குண்டு போடுறது" என்றார்.

பையன் முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்கு அண்ணாமேல் கோபம்கூட வந்தது. குழந்தை ஆசையாய்ச் செய்ததை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

கான்பெரா என்பது இங்கிலாந்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி செய்த ஜெட் விமானம். 1949-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. அன்று வெள்ளிக்கிழமை! வெள்ளைக்காரர்களுக்கு 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் நமக்கு ராகு காலம் மாதிரி. அப்படியிருந்தும் அந்த விமானத்தின் ஜாதகம் தீர்க்காயுசாக அமைந்துவிட்டது. 1957-ல் இந்திய அரசாங்கம் இதை வாங்க ஒப்பந்தம் செய்தது. குண்டுவீச்சுக்கு 54, பயிற்சிக்கு 6, வேவு பார்த்துப் படம் எடுப்பதற்கு 8. இந்தக் கடைசி எட்டுக்குத்தான் பி.ஆர். 57 என்று பெயர். அண்ணாவின் விமானம் அதுதான்.

குண்டு விமானத்துக்கும் வேவு விமானத்துக்கும் வெளிப்பார்வைக்கு அதிக வித்தியாசம் தெரியாது. குண்டு விமானத்தில் விமானியின் கண்ணாடிக் கூண்டு இடது பக்கம் ஒதுங்கிச் சின்னதாக இருக்கும். வேவு விமானத்தில் அகலமாக, கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும். குண்டு விமானத்தின் அடிவயிற்றில் நான்கு பீரங்கித் துப்பாக்கிகள் வைத்த ஒரு பெட்டி உண்டு. வேவு விமானத்தில் இல்லை. இன்னொன்று: காமிராக்களுக்கும் கூடுதல் எரிபொருளுக்கும் இடம் வேண்டும் என்று, வேவு விமானத்தின் உடம்பை இறக்கைக்கு முன்னால் 14 அங்குலம் நீட்டியிருக்கிறார்கள்.

14 அங்குலம் என்பது நிஜ விமானத்தில். எங்கள் பொம்மை 72-ல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. ஒரு மிளகின் அகலம்! இந்த மிளகுக்காகவா இவ்வளவு ரகளை என்று நான் கேட்டேன். "அந்த மிளகுக்குள்ளேதானே அம்மா நான் 20 வருஷம் வேலை பார்த்தேன்!" என்றார் அண்ணா.

அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? பேரன் பேசவில்லை, தேட ஆரம்பித்தான். இப்படி ஒரு விமானத்தை இன்னொன்றாக மாற்றுவதற்கென்றே தனித் துண்டுகள் செய்து விற்கிறவர்கள் வெளிநாட்டில் உண்டாம். அங்கிருக்கும் என் மருமகன் மூலம் ஒன்று வரவழைத்தோம். உறையைப் பிரித்தால் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அஞ்சல் அட்டையைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. அதில் அச்சில் அழுத்தினாற்போல இரண்டு மேடுகள்: விமானத்தின் முன் பாதி, இடதும் வலதுமாக. கண்ணாடி போன்ற இன்னொரு தகட்டில் ஒரு குமிழ். கூட ஒரு வரைபடம். இதற்கா இத்தனை காசு!

இந்தத் தகடு எப்படித் தயாராகிறது தெரியுமா? அப்பளத்தை நனைத்து, கவிழ்த்த டம்ளரின்மேல் போட்டால் துவண்டு டம்ளரின் வடிவத்துக்குப் படிந்துவிடும் அல்லவா? அதே வித்தைதான். மரத்திலோ பிசினிலோ விமானத்தின் பாதி உடம்பைச் செதுக்கி ஒரு பலகையில் வைக்கிறார்கள். பலகையில் ஊசித் துளைகள் நிறைய உண்டு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி, அது துவளுகிற பதத்தில் மேலே போர்த்தி, கீழேயிருந்து காற்றை உறிஞ்சி விடுகிறார்கள். உள்ளே காற்று இல்லை. வெளிக் காற்று அழுத்துகிறது. தகடு அச்சை அப்படியே கவ்விக்கொள்கிறது. பெரிய யந்திரம் தேவையில்லை. பத்துப் பேர், ஐம்பது பேர் மட்டுமே கேட்கிற அபூர்வமான சாமானைக் கூட இப்படிச் செய்து விற்கக் கட்டுப்படியாகும். ஆனால் கடைப் பொட்டலத்தில் இருப்பது போல, ஒன்றோடொன்று பொருந்தும் முளைகளும் குழிகளும் இதில் கிடையாது. வெட்டுவதும் பொருத்துவதும் வாங்குகிறவர் பாடு. ரெடிமேட் சட்டைக்கும் துணி எடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம்!

இந்த இடத்தில்தான் என் தையல் புத்தி வேலை செய்தது. பேரன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக மேட்டின் ஓரத்தில் பாய இருந்தான். "நில்லுடா! தையலுக்கு விடாமல் வெட்டுவார்களா?" என்று கையைப் பிடித்தேன். மேடு தகட்டைத் தொடுகிற மூலையில் முதலில் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கோட்டுக்குச் சற்று வெளியே பிளேடினால் இரண்டு மூன்று தடவை கீற வேண்டும். முழுக்க அறுக்க வேண்டியதில்லை. மடக்கினால் படக்கென்று கழன்றுவிடும். இப்போது துண்டின் அடியில் தகட்டின் கனம் ஒரு விளிம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

தேய்ப்பது என்றால் லேசான காரியம் அல்ல. பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்கிறார்களே, அந்த உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, தண்ணீர் தெளித்து, துண்டைக் கவிழ்த்து வைத்து, சந்தனம் அரைப்பது போல வட்டமாக அரைக்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். அரைக்க அரைக்க விளிம்பு வெங்காயத் தோலாக மெலிந்து, ஒரு சமயத்தில் தானாகவே உரிந்து வரும். பென்சில் கோடு விளிம்பில் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று அரைத்தால்கூட விமானம் இளைத்துப் போகும்.

கடைப் பொட்டலத்து விமானத்தை இறக்கைக்கு முன்னால் சின்ன ரம்பத்தால் அறுத்தோம். பேரன் இரண்டு நாளில் ஒட்டியதைப் பேரனே அறுத்தான். அதுவும் ஒரு மனசுதான்.

துப்பாக்கிப் பெட்டியைக் கழற்றும்போதுதான் அவன் கேட்டான்: "தாத்தா, இதை மறுபடி ஒட்டவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்போ சுடறதுக்கு?"

"ஒண்ணும் கிடையாது."

"குண்டு?"

"அதுவும் கிடையாது. ரெண்டு பேர், காமிரா, பிலிம்."

"எதிரி விமானம் வந்தால்?"

"உயரத்திலேயே போகணும், வேகமாப் போகணும், படம் எடுத்துண்டு திரும்பி வந்துடணும். அவ்வளவுதான்."

பையன் வெகு நேரம் பேசவில்லை. அன்று மாலை, கறிகாய் நறுக்குவதை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்து கேட்ட கதைகள் சில. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, வேவு பார்க்கப் போன ஒரு கான்பெராவைப் பாகிஸ்தான் போர் விமானம் ராவல்பிண்டிப் பக்கம் சுட்டு வீழ்த்தியது. சென்குப்தா, ராம்பால் என்ற இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள்; சிறைப்பட்டுப் பிறகு நாடு திரும்பினார்கள். அது அண்ணா சேர்வதற்கு முன்பு. அவர் சேர்ந்தபோது ஸ்குவாட்ரனில் எல்லோரும் பயபக்தியோடு சொன்ன பெயர் ஜக்மோகன் நாத். சீனப் படைகள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்று அக்சாய் சின்னுக்கும் திபெத்துக்கும் மேலே பறந்து படம் பிடித்து வந்தவர். 1962-ல் ஒரு மகாவீர் சக்ரம். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானுக்கு மேலே பறந்ததற்காக இன்னொன்று. விமானப் படையில் அந்த விருதை இரண்டு முறை பெற்ற முதல் மனிதர் அவர்தான். ஒரு குண்டும் போடாமல் வாங்கிய சக்ரங்கள்!

"விமானம் தரையிலே இறங்கினதும் முதல்லே ஓடறது நாங்கதான்" என்றார் அண்ணா. "விமானி சௌக்கியமான்னு கேக்கறதுக்கு முன்னாலே பிலிம் சௌக்கியமான்னு பார்ப்போம். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. ஆனா அவங்களும் அப்படித்தான். ஏணியிலே இறங்கும்போதே, 'படம் வந்திருக்கா?'ன்னுதான் கேட்பாங்க."

கழுவின படத்தைப் படிப்பது தனிக் கலை. அடுத்தடுத்து எடுக்கும் படங்கள் பத்துக்கு ஆறு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பார்களாம். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தட்டையான படம் எழுந்து நிற்கும். கட்டடம் உயரும், பள்ளம் தாழும். சகோதரிகளே, இந்தக் கலையில் பேர் வாங்கியவர்களில் பெண்கள் பலர் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தில் மெட்மெனம் என்ற இடத்தில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே விமானங்களைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண்மணி. போருக்கு முன் ஒரு விமானப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். 1943-ஆம் ஆண்டு இறுதியில், பீனமுண்டே என்ற ஜெர்மானியக் கடலோரத்தின் படத்தில், ஒரு சாய்தளத்தின்மேல் எறும்பளவு சிலுவை ஒன்றைக் கண்டார். அதுதான் ஆளில்லாமல் பறந்து வந்து வெடிக்கும் பறக்கும் குண்டு. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன்மேல் விழ ஆரம்பித்ததே, அதே சாதனம். வேறு யாராவது அதைத் தூசு என்று ஊதித் தள்ளியிருப்பார்கள்.

இந்தக் கதையை அண்ணா எதற்காகவோ சொன்னார். அது என்னை வேறு விதத்தில் பிடித்துக்கொண்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முன் பாதியின் இரண்டு துண்டுகளையும் சேர்த்தாயிற்று. தகடு மெல்லிசு, விளிம்போடு விளிம்பு ஒட்டினால் நிற்காது. உள்பக்கம் பட்டைகள் வைத்து, ரவிக்கையின் கொக்கிப் பட்டி போல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி செய்தோம். மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளைத் திணித்தோம். இல்லாவிட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி, நாய்க்குட்டி போல உட்கார்ந்துகொள்ளும். பிறகு முன் பாதியைப் பின் பாதியோடு ஒட்டினோம். இந்தப் பசை வெறும் பசை அல்ல. பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கிவிடும். ஒரு ராத்திரி காய்ந்தபின் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தோம்.

2 மில்லிமீட்டர் குறைவு.

எங்கே தொலைந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. இரண்டு துண்டுகளின் பின் விளிம்பும் நேராக வரவில்லை என்று இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் தேய்த்தோம். ரவிக்கையின் இரண்டு கையும் சமமாக இல்லை என்று மாற்றி மாற்றிக் கத்தரித்து, முழங்கை வரை இருந்தது தோளுக்கு ஏறிப்போகுமே, அந்தக் கதை! 40 வருஷம் தைத்தவள் நான், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைச் சொல்லி என்ன?

பேரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாட்டி, விட்டுடலாம். பட்டி வைத்துத் தேய்த்து வெள்ளிப் பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்? தாத்தாவுக்குக் கண்ணும் தெரியாது" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2 மில்லிமீட்டர், நிஜ விமானத்திலேயே 6 அங்குலம் தேறாது. யார் அளக்கப் போகிறார்கள்? "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. அண்ணாவுக்குக் கண் தெரிந்திருந்தால் மறுபடி செய்வோம். தெரியாததனால் விட்டுவிடலாம் என்கிறோம். இது என்ன நியாயம்? இருட்டறையில் கையால் தடவிப் பிலிமை மாட்டியவர் அவர். அங்கே அவர் 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று இருந்திருந்தால்? அந்தப் பெண்மணி பார்த்த எறும்பளவுச் சிலுவையும் என் கண்முன்னே வந்து நின்றது. விடியற்காலம் எழுந்து, காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பேரனைத் தட்டி எழுப்பினேன். "ரம்பத்தை எடு" என்றேன்.

ஒட்டிய இடத்திலேயே மறுபடி அறுத்தோம். அறுக்கும்போது ரம்பமே கொஞ்சம் தின்றுவிட்டது. ஆகவே 2 மில்லிமீட்டர் அல்ல, 3 மில்லிமீட்டர் வேண்டியிருந்தது. புதுத் தகட்டுக்கு எங்கே போவது? வெட்டிய துணியின் ஓரத்தை நான் எறிய மாட்டேன். அந்தப் பழக்கத்தில் பிளாஸ்டிக் தகட்டின் ஓரத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம். மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் கொடுத்து இணைத்தோம். காய்ந்ததும் உடம்பின் வளைவுக்குத் தேய்த்தோம். வரைபடத்தின்மேல் வைத்தால் கோட்டுக்குக் கோடு நின்றது. பையன் ஒரு தரம் அளந்து நம்பாமல், மூன்று தரம் அளந்தான்.

மீதி வேலை பிரமாதமில்லை என்று நினைத்தோம். வெள்ளிப் பெயின்ட் வந்து அந்த நினைப்பைக் கெடுத்தது. மற்ற நிறங்கள் குற்றத்தை மறைக்கும். வெள்ளி நிறம் காட்டிக் கொடுக்கும். நகக் கீறல்கூடப் பெயின்டுக்குக் கீழே பளிச்சென்று தெரியும். நான்கு தடவை பட்டி பார்த்து, நான்கு தடவை தேய்த்தோம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று விமானப் படையின் வட்டங்களை ஒட்டினோம். காமிரா ஜன்னல்களுக்காக வயிற்றிலும் பக்கத்திலும் சின்னத் துவாரங்கள் போட்டு, கண்ணாடிக் குமிழ் வந்த தகட்டில் மிஞ்சியதை வெட்டிப் பதித்தோம். கடுகு போன்ற அந்தத் துண்டுகளை ஊசி முனையில் எடுத்து வைக்க என்னைத்தான் கூப்பிட்டான் பேரன்.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த நாளில் அண்ணா இன்னொரு பெயர் சொன்னார்: பெருமாள். 1999-ல் கார்கில் மலைகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க மே மாதம் 21-ஆம் தேதி போன கான்பெராவை ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள். வழி காட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஜா. கீழேயிருந்து வந்த ஏவுகணை ஓர் எஞ்சினைத் தாக்கிவிட்டது. மிச்சமிருந்த ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு விமானத்தை ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்போது அண்ணா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். பத்திரிகையில் படித்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடாமல் நடந்துகொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அந்த விமானங்கள் பறந்தன. 2007-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி ஆக்ராவில் கான்பெராக்களுக்கு விடை கொடுத்தார்கள். வாங்கி 50 வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அண்ணாவின் மடியில் பேரன் விமானத்தை வைத்தான். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டேன்.

விரல் மூக்கிலிருந்து கிளம்பியது. அகலமான குமிழைச் சுற்றி வந்தது. அங்கிருந்து பின்னால் போய், இறக்கையின் முன் விளிம்பைத் தொட்டது. திரும்பி முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போயிற்று. அந்த 2 மில்லிமீட்டர் அவர் விரலுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. பிறகு விமானத்தைக் கவிழ்த்து, துப்பாக்கிப் பெட்டி இருந்த இடத்தைத் தடவினார்; வழவழவென்று இருந்தது. அங்கிருந்து விரல் காமிரா ஜன்னலுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணா!"

"என்ன தாத்தா?"

"கண்ணாடியிலே என் விரல் ரேகை பட்டிருக்கும். மெல்லிசுத் துணியா எடுத்துண்டு வந்து துடை. அழுத்தாதே."

பேரன் என் தையல் டப்பாவை நோக்கி ஓடினான்.